கத்திக்கு அளவு கொடுத்த கை

பீடோர் பக்கம் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம். நிலத் தரகர் சன்னாசி அங்கே பிணமாகக் கிடந்தார்.

நெஞ்சில் ஒரு கத்தி. கத்தியில் ரூபனின் முத்திரை!

கத்தியைச் செய்த ரூபனையே பிடித்து உள்ளே போட்டது போலீஸ். நாளைக்குக் கோர்ட். கொலைக் குற்றம் சாட்டினால் தூக்கு வரை போகலாம்.

"பத்துமலைனு ஒருத்தர்தான்க்கா அத ஆர்டர் பண்ணாரு" என்று லாக்கப்பில் அழுதான் ரூபன். அந்த ஆள் கொடுத்த போன் நம்பர் உயிரோடு இல்லை.

அன்றிலிருந்து புந்தோங் கத்திப் பட்டறை வாசலில் நிழல் விழுந்தாலே, ரூபனின் அக்காள் விமலாவுக்குச் சந்தேகம்.

பிற்பகல் மூன்று மணி. நிழல் விழுந்தது.

"காட்டுக்குக் கொண்டு போக ஒரு கத்தி வேணும் தங்கச்சி. கேம்பிங்லா. பேரு கோகிலன்." வந்தவனின் வலது கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. "பேஸ்புக்ல பார்த்தேன். கத்தி வாங்குனவங்க கையெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கீங்களாமே?"

"ஆமாண்ணே. தாளுல கைய வச்சு பென்சிலால சுத்தி வரைவோம். அந்த அளவுக்குத்தான் கைப்பிடி செதுக்குறது. எல்லாம் பேரோட அந்த ஃபைல்ல இருக்கு."

மேஜை மீதிருந்த ஃபைலை அவன் கண்கள் தொட்டு விலகின.

மூலையில் இன்னொரு வாடிக்கையாளர் அஸ்வான். பால் இல்லாத தே ஓ குடித்தபடி, கைப்பிடிக்கு மரத்துண்டு பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பார்க்கிறார்... ஒன்றையும் தேர்ந்தெடுத்த பாடில்லை.

"என்ன ஸ்டீல்ணே? கார்பன் ஸ்டீல்னா காட்டுல கிடைக்கிற கல்லுலயே தீட்டிக்கலாம். ஆனா ஈரம் பட்டா துரு."

"அது வேணாம். எவ்ளோ தொடச்சாலும் கறை போகாது. ஸ்டெயின்லெஸ் போடு."

"முன்னாடி கார்பன் வச்சிருந்தீங்களா?"

"...கூட்டாளி வச்சிருந்தான்."

விமலா 'ஸ்டெயின்லெஸ்' என்று குறித்துக்கொண்டாள்.

"முனை எப்படி?"

"ஒல்லியா, கூரா."

"விறகு பிளந்தா உடைஞ்சிரும்ணே. முனை தடிமனா இருந்தாத்தான் கேம்பிங்குக்குத் தாங்கும்."

"நான் விறகு பிளக்கப் போறதில்ல."

கேம்பிங் போகிறவருக்கு விறகு வேண்டாமாம். நல்ல கேம்பிங்!

"சரிண்ணே, வலது கைய இந்தத் தாளுல வைங்க."

"அப்புறம் வைக்கிறேன். முதல்ல ஸ்டீலக் காட்டு."

அஸ்வானின் போன் அலறியது. "இதோ வாரேன்லா" என்று பேசிக்கொண்டே வெளியே போனார். ஸ்டீல் பட்டை எடுக்க விமலாவும் உள்ளே போனாள்.

இரண்டே நிமிடம்.

திரும்பி வந்தாள். விரித்து வைத்திருந்த ஃபைல் மூடியிருந்தது. பக்கங்களைப் புரட்டினாள். அறுபது தாள்களில் ஒன்று மட்டும் இல்லை.

"நான் நாளைக்கு வாரேன் தங்கச்சி" என்று கிளம்பினான் கோகிலன்.

வாசலை மறித்து நின்றார் அஸ்வான்.

"சட்டைப் பையில இருக்கறத எடுங்கண்ணே."

"நீ யாருடா?"

"இன்ஸ்பெக்டர் அஸ்வான். போலீஸ் பாலாய்லேருந்து."

கோகிலன் பையிலிருந்து தாளை இடது கையால் உருவிக் கசக்கி, வாயில் போட்டு மென்றே விட்டான்!

"முழுங்குங்க, பரவால்ல. அது பத்துமலைனு பேர் போட்டு வரைஞ்ச என் கை. உங்க கை வரைஞ்ச தாளு பத்திரமா பாலாய்ல இருக்கு."

விமலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. "அறுபது பேர்ல பத்துமலை தாள மட்டும் ஏண்ணே எடுத்தீங்க? அந்தப் பேர என் தம்பி எங்க ரெண்டு பேர்கிட்டதான் சொன்னான். பேப்பர்ல கூட வரல. பேஸ்புக்ல நான் படம் போட்டதே அந்தப் பத்துமலை வரட்டும்னுதான்."

கோகிலனுக்கு வாய் நிறையத் தாள்.

"தம்பிக்கு இன்னிக்கே சோறு ஆக்கி வைங்கக்கா" என்றார் அஸ்வான்.

பிறகு பாக்கெட்டுக்குள் பதுங்கியிருந்த வலது கையை வெளியே இழுத்தார். விலங்கு 'க்ளிக்' என்றது.

"கவலப்படாதீங்கண்ணே... நீங்க கேட்ட ஸ்டெயின்லெஸ்தான்!"