214-ஆம் ஆணி

மழை பிடித்துக்கொண்ட மத்தியானம். சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தக் கட்டுமானக் கம்பெனியின் பழைய கிடங்குக்கு நனைந்துகொண்டே வந்து சேர்ந்தாள் முனீரா. தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடை நடத்துகிறவள். யாருக்கும் பயந்து பேசிப் பழக்கமே கிடையாது.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வெளிநாட்டில் ஓர் அணுமின் நிலையம் கட்ட இந்தக் கம்பெனி கூட்டிப்போனவர்களில் அவளைப் பெற்ற அத்தா நெய்னா முகம்மதுவும் ஒருவர். அவர் திரும்பவில்லை. வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று எழுதிவிட்டார்கள். உம்மா அந்தப் பழியோடுதான் கண்ணை மூடினாள். இன்றைக்கு அதை அழிக்காமல் போவதில்லை என்றுதான் முனீரா வந்திருந்தாள்.

மேனேஜர் குமரன் விளக்கைப் போட்டான். கண்காட்சிக்குத் துடைத்து வைத்த மரப்பலகை ஒன்று சுவரில் இருந்தது. வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்.

"சுவர் அச்சுக்குள்ள போறவங்க அவங்க நம்பர் போட்ட பித்தளை வில்லையை இதுல மாட்டுவாங்க, வெளிய வந்ததும் எடுத்துக்குவாங்க. பலகை காலியானாத்தான் கான்கிரீட் ஊத்துவாங்க. ஒரு உயிர்கூடப் போகல அக்கா. அதான் எங்க பெருமை லா."

"அப்போ 214-ல தொங்குறது என்ன தம்பி?"

அத்தா அனுப்பிய கடைசி போட்டோவில் சட்டைமேல் இருந்த எண் அது.

குமரனின் முகம் வெளுத்தது. "காலையிலதான் கழட்டி டிராயர்ல போட்டேன்..."

அதை மறுபடி கழற்றி, டிராயரில் வைத்துப் பூட்டினான். ஒரு தாளை நீட்டினான். "கையெழுத்துப் போடுங்க அக்கா. ஓடிட்டார்னு இருக்காது. பட்டியல்லருந்து பேரையே எடுத்துடுறோம்."

ஈர சிமெண்ட் வாடை அடித்தது.

டக்.

சுவருக்குள்ளிருந்து.

டக். டக்.

உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம்.

முனீரா பயந்துபோய் ஓரடி பின்வாங்கினாள். பலகையைப் பார்த்தாள். 214 மறுபடி தொங்கியது, சிமெண்ட் சொட்டச் சொட்ட.

"யா அல்லாஹ்! பலகை அன்னிக்குக் காலியாகல. எந்தப் பாவியோ வில்லையைக் கழட்டிட்டு, அத்தா உள்ள இருக்கையிலயே ஊத்தச் சொல்லியிருக்கான்!"

பயம் போன இடம் தெரியவில்லை. நெஞ்சு கொதித்தது. தாளை நாலாகக் கிழித்தாள். மேஜைமேல் கிடந்த மார்க்கரை எடுத்து, ஆணிக்குக் கீழே பலகையிலேயே அழுத்தி எழுதினாள்: நெய்னா முகம்மது. வெளியே வரவில்லை.

"அக்கா, அதை அழிச்சிடுங்க, என் வேலை போயிடும்!"

"போகட்டும். என் அத்தா உயிரே போயிருக்கு. இந்தப் பலகை இப்படியேதான் தொங்கணும்."

தட்டுகிற சத்தம் நின்றது. அப்பாடா என்று அவள் மார்க்கரை மூடப்போனாள்.

காலியாக இருந்த 217-ல் ஒரு வில்லை ஆடியது.

பிறகு 231-ல்.

பிறகு 240-ல்.

குமரன் கதவுப் பக்கம் நகர்ந்தான். முனீரா நாற்காலியைப் பலகைக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க தம்பி ஓடுறே? பழைய பட்டியலை எடு. இவங்க பேரையும் சொல்லு."

அவள் காதுக்கு வெகு அருகில், ஈரமாக, யாரோ மூச்சு விட்டார்கள்.