இரைச்சல் நீக்கம்

வீடு பழையது, சுவர்கள் தடிமன். பார்க்கப் போன அன்றே அவளுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், ஹாலை ஒட்டியிருந்த ஜன்னல் இல்லாத சின்ன அறை. அதன் சுவர் முழுக்க யாரோ ஏற்கெனவே கறுப்புப் பஞ்சுப் பலகைகளை ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நின்று கை தட்டினால், சத்தம் கையை விட்டு நகரவே இல்லை. புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து பிழைப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? ஒட்டியது யார் என்று கேட்டதற்கு வீட்டுத் தரகர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த அறைக் கதவில் ஒரே ஒரு தாழ்ப்பாள்தான், அதுவும் வெளிப்பக்கம். சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு இதெல்லாம் வம்பு என்று குடிவந்த அன்றே கணவன் அதைக் கழற்றிப் போட்டான்.

மற்ற ஏற்பாடுகளையும் அவனே செய்தான். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்பதால் கம்ப்யூட்டர் ஹாலில். மைக்கும் அவளும் ஒரு டேப்லெட்டும் அறைக்குள். கம்ப்யூட்டர் திரையில் தெரிவதெல்லாம் டேப்லெட்டிலும் தெரியும். இங்கே விரலை நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும்.

"எந்திரிக்கவே வேணாம். உக்காந்த எடத்துலேர்ந்தே ராஜ்ஜியம் பண்ணு," என்றான்.

"உங்க ராஜ்ஜியத்துல ஒரு சார்ஜர்கூட வச்ச எடத்துல இருக்க மாட்டேங்குது," என்றாள் அவள்.

மகளைச் சிட்டு என்று கூப்பிட்டார்கள். சிட்டுவுக்கு ஒரே சட்டம். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் உள்ளே வரக்கூடாது. அம்மா கூப்பிட்டால் மட்டும் வரலாம். எதற்கும் மசியாத பெண் இதற்கு மட்டும் கட்டுப்பட்டாள். "எங்கம்மா கொரல் கேட்டாத்தான் போவணும்," என்று பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து மிரட்டுவாள்.

வாசிக்கத் தொடங்கும் முன் அவள் சற்று நேரம் மூச்சையும் அடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். காலி அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதைப் பதிவுசெய்து, அந்தத் துண்டை விரலால் தேர்ந்தெடுத்து 'இதுதான் இரைச்சல்' என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிவிட்டால் போதும். பதிவு முழுவதிலும் அதே சத்தம் எங்கிருந்தாலும் தேடி அழித்துவிடும். மிஞ்சுவது அவள் குரல் மட்டும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் இந்த அறையில், திரையில் நேராக ஓட வேண்டிய ஒலிக்கோடு சின்ன மேடாக எழும்பி அடங்கியது. மறுபடி எழும்பி அடங்கியது.

"உன் மூச்சாத்தான் இருக்கும்," என்றான் கணவன்.

"நான்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேனே."

"அப்ப குழாய்ல தண்ணி ஓடும். பழைய வீடுன்னா அப்படித்தான். அழிச்சுட்டு வேலையப் பாரு."

அழித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஒரு புத்தகம் முடிந்தது, அடுத்தது பாதிக்கு வந்தது. இவ்வளவு சுத்தமான பதிவு யாரிடமிருந்தும் வந்ததில்லை என்று பதிப்பகத்தில் மெச்சினார்கள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிட்டுவுக்கு முடிவெட்டக் கணவன் கூட்டிப்போயிருந்தான். வீட்டில் வேறு யாருமில்லை. ஓர் அத்தியாயத்தை வாசித்து முடித்து, வழக்கம்போல இரைச்சலை நீக்கப் போனாள். டேப்லெட்டில் அந்தக் கட்டங்கள் எறும்பு அளவுதான் இருக்கும். விரல் தவறிப் பக்கத்துக் கட்டத்தில் பட்டது. 'நீக்கியதை மட்டும் கேள்' என்று அதில் எழுதியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஹெட்போனில் முதலில் மூச்சு கேட்டது.

பிறகு முணுமுணுப்பு. உதடு மைக்கை உரசுகிற அளவுக்குப் பக்கத்திலிருந்து யாரோ அவளுடைய அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். தன் குரலையும் அதையும் சேர்த்து ஓடவிட்டுக் கேட்டாள். அந்தக் குரல் அவளைவிட ஒரு சொல் முன்னால் போனது. அது சொன்னதை அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பழைய பதிவுகளைத் திறந்து அவற்றிலிருந்தும் நீக்கியதை மட்டும் கேட்டாள். குடிவந்த புதிதில் அந்தக் குரல், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல அவளுக்குப் பின்னால் தடுமாறி வந்தது. போகப்போக அவளோடு சேர்ந்துகொண்டது. அவள் மூச்சு விடுமிடம், அவள் 'ழ'வை அழுத்தும் விதம் எல்லாம் அதற்கு வந்துவிட்டிருந்தன. இத்தனை நாளும் தன் கையாலேயே அதை மறைத்து வந்திருக்கிறாள்.

டேப்லெட்டில் அம்புக்குறி நகர்ந்தது.

அவள் விரல் மடியில் இருந்தது.

"சிட்டு, மவுஸைத் தொடாதே," என்றாள் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் ஹாலில் யாருமில்லை என்பது உறைத்தது.

அம்புக்குறி பதிவுப் பொத்தானை அழுத்தியது. கோடு ஓடத் தொடங்கியது.

"யாரது?"

அவள் கேள்வி திரையில் ஒரு மேடாக எழும்பியது. அம்புக்குறி அந்த மேட்டை மெதுவாக, பொறுமையாக, அவள் தினமும் செய்வதைப் போலவே தேர்ந்தெடுத்தது. அவள் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை.

இதுதான் இரைச்சல்.

நீக்கு.

அவள் குரலின் மேடுகளெல்லாம் படுத்துப்போயின.

"வேணாம்," என்றாள்.

அவளுக்கே கேட்கவில்லை. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு மறுபடி சொன்னாள். தொண்டை அதிர்ந்தது, நாக்கு புரண்டது, சத்தம் மட்டும் வரவில்லை. கையைத் தட்டினாள்.

அந்தச் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் புகுந்து, வயரைத் தேடிப் பிடித்து, சுவரிலிருந்து பிடுங்கினாள். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது. முடிவெட்டிய தலையைத் தடவிக்கொண்டே சிட்டு முதலில் ஓடிவந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அறைப்பக்கம் போனவள், சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துச் சமர்த்தாக நின்றாள். மேஜைக்கு அடியில் இருந்த அம்மாவை அவள் பார்க்கவில்லை.

"சிட்டு, உள்ள வாடா கண்ணு. ஒன் தலையக் காட்டு."

குரல் அறைக்குள்ளிருந்து வந்தது. அவளுடைய குரல். துளி இரைச்சல் இல்லை.

போகாதே என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். எதுவும் வெளியே வரவில்லை. மேஜையில் தலை மோத எழுந்து ஓடுவதற்குள் சிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

இழுத்தாள். தாழ்ப்பாளே இல்லாத அந்தக் கதவு அசையவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள். அடியெல்லாம் பஞ்சுக்குள் போய் அமுங்கியது.

கணவன் சாவியை ஆட்டிக்கொண்டே வந்தான். "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று சிரித்தவன், அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"இப்பதானே உள்ளேர்ந்து அவளக் கூப்பிட்டே?"

அவளால் கம்ப்யூட்டர் திரையைக் கைகாட்ட மட்டும்தான் முடிந்தது. பிடுங்கிய வயர் அவள் கையிலேயே இருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

கோட்டில் பெரிய மேடுகள் வரிசையாக எழும்பின. யாரோ நிதானமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே கூர்கூராகச் சின்ன மேடுகள். சிட்டு சிரித்தால் அப்படித்தான் விழும்.

அம்புக்குறி அந்தச் சின்ன மேடுகளிடம் வந்து நின்றது. பிறகு முதல் சிரிப்பிலிருந்து தேர்ந்தெடுக்கத் தொடங்கியது.