மூச்சு விடுவது நான்

என் மூச்சு என்னுடையது. ஆனால் அதைப் பற்றிப் பேச என்னைத் தவிர எல்லோருக்கும் உரிமை உண்டு. இது எந்த ஊர் நியாயம் என்று யாராவது சொல்லுங்கள்.

எனக்கு இளைப்பு உண்டு. வந்துவிட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்கும். உள்ளே போன மூச்சு வெளியே வர அடம்பிடிக்கும். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் விசாரணை தொடங்கும்.

"மாதேவி, சீபேக்காய் தின்னியா?" என்று அடுத்த வீட்டு கௌரம்மா வந்து நிற்பார். மைசூரில் கொய்யாவுக்கு அதுதான் பெயர்.

"மகாராஜா பொறந்த நாளுக்குப் பள்ளிக்கூடத்துல லட்டு குடுத்தாங்கல்ல, அதத் தின்னுருப்பா" என்பார் அப்பா.

"வெயில்ல ஆட்டம் போட்டிருப்பா. வேறென்ன" என்பாள் அம்மா.

நான் கொய்யாவைத் தொடவில்லை. லட்டை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் மோலிக்குக் கொடுத்துவிட்டேன். ஆட்டம் போடவும் இல்லை. இதையெல்லாம் சொல்லலாம் என்றால் அப்போது மூச்சு இல்லை. மூச்சு வந்த பிறகு சொன்னால் கேட்க ஆள் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பட்டு ஆலைக்குக் கிளம்பும்போது அப்பா சொன்னார்: "மாசக் கடைசில இவளக் கொள்ளேகாலத்துக்கு அனுப்பிரலாம். நாச்சம்மா பாத்துக்குவா. அங்க காத்து நல்லாருக்கும்."

"அப்ப என் பள்ளிக்கூடம்?" என்றேன்.

"உசுரவிடப் பள்ளிக்கூடமா பெருசு?" என்றார் அப்பா.

நாச்சம்மாள் அத்தை நல்லவள்தான். ஆனால் அவள் ஊரில் பெண் பிள்ளைகள் என் வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவார்கள். எனக்கோ கணக்கு வகுப்பில் எல்லோரையும் முந்த வேண்டும் என்று ஆசை. போனால் போனதுதான், திரும்பி வர முடியாது.

அன்று எனக்குத் தலைக்குக் குளியல். குளித்ததும் அம்மா எப்போதும் ஒரு வேலை செய்வாள். மண் சட்டியில் தணல் போட்டு, சாம்பிராணிப் பொடியைத் தூவி, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்ப்பாள். கூடைமேல் என் ஈரத் தலையைச் சாய்த்து, முடியை விரித்துவிடுவாள். ஈரம் தலையில் தங்கினால் சளி பிடிக்குமாம். முன்பு வெள்ளிக்கிழமை மட்டும்தான். எனக்கு இளைப்பு வந்த பிறகு, பாவம் பிள்ளை என்று செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டாள்.

அன்று எனக்கிருந்த கோபத்தில் கூடை பக்கமே போகவில்லை. சொட்டச் சொட்டப் பின்வாசலுக்கு ஓடிப்போய், துவைக்கிற கல்லில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

"வாடி உள்ள. சாயங்காலம் இழுத்துக்கிட்டுக் கெடந்தாத் தெரியும்" என்று அம்மா கத்தினாள். நான் அசையவில்லை.

சாயங்காலம் இழுப்பு வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. எனக்கே அதிசயமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் கூடைமேல் சாய்த்தாள். மத்தியானத்துக்குள் பூனைக்குட்டி கத்தத் தொடங்கியது.

"சீபேக்காய்தான்" என்றார் கௌரம்மா.

இழுப்பு எதனால் வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அம்மா, சாம்பிராணி" என்றேன்.

"ஆமா கண்ணு, இன்னிக்குக் கொஞ்சம் கம்மியாப் போட்டுட்டேன்" என்றாள் அம்மா. நான் என்ன செய்ய?

மறுநாள் காலை, மருந்துப் புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு ஜட்கா வண்டியில் டாக்டரிடம் போனோம். டாக்டர் தேவநேசன் கெட்டிக்காரர். ஆனால் அவர் அறையில் எப்போதும் கூட்டம். அவரும் என்னைப் பார்க்காமல் அம்மாவைத்தான் பார்த்தார்.

"ராத்திரி தூங்கினாளா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"வீட்டுல புகை ஏதாவது உண்டா? போன தடவையே கேட்டேன்."

"இல்லவே இல்லீங்க. அடுப்பு வெளிய தாவாரத்துல இருக்குது. இவங்கப்பா பீடி குடிக்க மாட்டாருங்க."

நான் வாயைத் திறந்தேன். "பெரியவங்க பேசறப்பச் சும்மா இரு" என்று அம்மா தொடையில் கிள்ளினாள்.

டாக்டர் குழாயைக் காதில் மாட்டி என் முதுகில் வைத்தார். "நல்லா மூச்சை இழுத்து விடு."

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"இழுத்து விடும்மா."

"மாட்டேன்" என்றேன். "மூச்சு விடறது நான். மொதல்ல என்னக் கேளுங்க."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்தது. டாக்டர் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"சரி, நீ சொல்லு."

சொன்னேன். கூடை, தணல், சாம்பிராணி, வெள்ளிக்கிழமை, செவ்வாய்க்கிழமை, கொள்ளேகாலம் எல்லாவற்றையும் நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன்.

டாக்டர் அம்மாவிடம், "புகை இல்லைன்னு சொன்னீங்களே?" என்றார்.

"அது புகை இல்லீங்களே, சாம்பிராணி" என்றாள் அம்மா. சொல்லி முடித்ததும்தான் அவளுக்கே உறைத்தது.

"சாம்பிராணியான்னு நானும் கேக்கல. தப்பு என் மேலயும்தான்" என்றார் டாக்டர். "இனிமே அது வேண்டாம். தலைய வெயில்ல காயவைங்க. இந்த நோய் ஒரேயடியாப் போயிடாது. தூசு, குளிர் பட்டாலும் வரும். மருந்தை விடாமக் குடுங்க. இழுப்பு வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. ஊர் மாத்தறத அப்புறம் பாத்துக்கலாம்."

ஜட்காவில் அம்மா அழுதாள். "நல்லதுன்னு நெனச்சு நானே உன் மூச்ச அடைச்சனா?"

எனக்கு அவள்மேல் மலையளவு கோபம் இருந்தது. ஆனால் அவள் என் முடியை ஒவ்வொரு கற்றையாகப் பிரித்துக் காயவைத்ததும் நினைவுக்கு வந்தது. "நீ நல்லதுக்குத்தானம்மா போட்ட" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆனா கிள்ளினது வலிக்குது" என்றேன். அழுகைக்கு நடுவே அம்மா சிரித்துவிட்டாள்.

மாசக் கடைசி வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டரைப் பார்த்த பிறகு ஒரே ஒரு தடவைதான் இழுப்பு வந்தது, அதுவும் லேசாக. கொள்ளேகாலம் போகிற பேச்சை அப்பா எடுக்கவே இல்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார்: "இப்ப எப்படி இருக்கு?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் அவசரப்படவில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டுவிட்டு, சொல்லத் தொடங்கினேன்.