பின்படிக்கட்டு

நகரின் கபேஜ்டவுன் பகுதியில் இருந்த அந்தப் பழைய வீட்டுக்குக் கௌசி திருத்த வேலைக்கு அளவெடுக்கப் போனது ஒரு மத்தியான வேளையில். லண்டன் நகர வீடுகளைப் பார்த்து நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் கட்டியது. ஒடுங்கிய முகப்பு, மூன்று மாடி, நிலவறையில் சமையல். வரவேற்பறைக் கூரையில் சுண்ணாம்பில் வார்த்த ரோஜாக்கள். எசமானர் ஏறிப்போக அகன்ற முன்படிக்கட்டு. வேலைக்காரருக்கு மட்டும் சுவருக்குப் பின்னால், இரண்டு தோளும் உரசும் இருட்டுப் படிக்கட்டு.

வீட்டை வாங்கியிருந்த நவரட்ணம் அந்தப் பின்படியால் அவளை மேலே கூட்டிப்போனார். கரியும் ஈரச் சவர்க்காரமும் மணத்தன. உச்சியில் ஒரு சிறிய அறை. யன்னல் இல்லை. தாழ்ப்பாள் கதவின் வெளிப்புறத்தில் இருந்தது. உட்புறப் பலகை முழுக்க நகக் கீறல்கள்.

"பேரப்பிள்ளையைப் பாக்கச் சம்பளத்துக்கு வந்து தங்கிற பொம்பிளைக்கு இது காணும், என்ன?"

கௌசிக்கு நெஞ்சு கொதித்தது. அவளுடைய அம்மாவும் மூன்று வருடம் இன்னொருவர் வீட்டில் தங்கிப் பிள்ளை பார்த்தவர்தான்.

"அங்கிள், இதுக்க நாயைக்கூடக் கட்டேலாது."

"நீர் அளவை மட்டும் எடும்." சிரித்தபடி உள்ளே போய்க் கைகளை விரித்தார். "பாரும், கட்டில் வடிவாப் போடலாம்."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் அவள் கண்முன்னே தானாக நகர்ந்து பூட்டிக்கொண்டது.

இழுத்தாள். அசையவில்லை. இரும்பு கையைச் சுட்டது.

உள்ளே நவரட்ணம் கதவில் அடித்தார். அவருடைய கைகளோடு இன்னும் இரண்டு கைகள் அடித்தன. அவருடையதைவிடக் கீழே. அவருடையதைவிட ஆங்காரமாக.

"தங்கச்சி... எனக்குப் பக்கத்தில ஆரோ நிக்கினம்..."

கௌசி ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"இந்த அறையில இனி ஒருத்தரையும் படுக்க விடமாட்டனெண்டு சொல்லுங்கோ. பக்கத்தில நிக்கிறவைக்குக் கேக்கச் சொல்லுங்கோ!"

அவர் அழுதழுது சொன்னார்.

தாழ்ப்பாள் விலகியது.

வெளியே விழுந்தடித்து வந்தவரின் வெள்ளைச் சட்டையில் கரி அப்பிய சிறு கையடையாளங்கள். கௌசி அவரைத் தேற்றவில்லை. பையிலிருந்த ஸ்குரூட்ரைவரால் கதவின் பிணைச்சல்களைக் கழற்றி, அதை ஒரு பக்கம் அவரையே தூக்க வைத்து, முன்படியால் இறக்கினாள்.

பின்னால் வெறுங்கால்கள் இறங்கி வந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். படியில் ஒருவருமில்லை.

காலடிகள் அவர்களைக் கடந்து வரவேற்பறைக்குள் போயின. அங்கே வெள்ளைத் துணி போர்த்தியிருந்த பெரிய சோபா, யாரோ ஆறுதலாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல், நடுவில் மெல்ல அமிழ்ந்தது.

அது பிறகு நிமிரவேயில்லை.