பெப்ரவரியில் தண்ணீர் தெளிவாக இருந்தது

"இந்தப் பெட்டிய எடுங்க."

குரல் உயரவில்லை. ஆனாலும் சுஜாந்திக்குச் சுருக்கென்றது.

புத்தளம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜீப் புறப்படத் தயாராக நின்றது. ஏழு இருக்கைகளில் ஆறு நிரம்பிவிட்டன. முன்னால் ஒரு பிரெஞ்சுத் தம்பதி. நடுவில் குருநாகலிலிருந்து வந்த மூன்று ஆஸ்பத்திரித் தாதிமார். கடைசி வரிசையில் அவன்... தனியாக. அவனுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இருக்கையில்தான் அவள் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கிய ஐஸ் பெட்டியை வைத்திருந்தாள்.

"ஆள் வரேல்லத்தானே, சேர்?"

"வரேல்ல."

"அப்ப சும்மாதானே கிடக்கு..."

"ரெண்டு சீட்டும் என்ட பேரில இருக்கு. எடுங்க."

நல்ல கண்கள். நீண்ட இமைகள், மழைக்கு முந்திய களப்புத் தண்ணீர் மாதிரி ஒரு மங்கல். இவ்வளவு நல்ல கண்களை வைத்துக்கொண்டு இப்படியா முறைப்பது...

பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்த் தன் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டாள். அவள் 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஓட்டுநர் தாஹிர் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால சண்டையா?"

"பெரிய இடத்துப் பிள்ளை போல, நானா. ஒரு ஆளுக்கு ரெண்டு சீட் வேணுமாம்!"

பின்னால் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். கேட்டிருக்கும். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எலுவன்குளத்தில் காட்டு வாசல் வரைக்கும் ஐஸ் பெட்டி அவள் முழங்காலை இடித்துக்கொண்டே வந்தது.

உடப்பில் பிறந்து வளர்ந்த சுஜாந்திக்கு இது நாலாவது வருடம். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் இப்படிச் சின்னச் சின்னக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போவாள். காலையில் வில்பத்துக் காட்டுக்குள்ளால் குதிரைமலை இடிபாடுகள். பின்னேரம் பள்ளிவாசல்துறை தாண்டி, கடலைப் பாறைகள் வளைத்துப் பிடித்த ஒரு குளம். நீந்தத் தெரியாதவர்களும் இறங்கலாம்.

குதிரைமலையில் மண் சிவப்பு. கீழே கடல் நீலம். நடுவில் சிதைந்த செங்கல் மேடு ஒன்று. அல்லி ராணியின் அரண்மனை இங்கேதான் இருந்ததென்று சனங்கள் சொல்வதை மூன்று மொழியில் மாறி மாறிச் சொன்னாள். முத்துக் குளித்ததையும், பெரிய குதிரைச் சிலை ஒன்று கடலைப் பார்த்து நின்றதாகச் சொல்வதையும்... தாதிமார் 'ஆ' என்று கேட்டார்கள். அவன் மட்டும் விளிம்பில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

விடுவாளா அவள்?

"கதை பிடிக்கேல்லயா, சேர்? இல்லாட்டி இந்த மேட்டிலயும் ரெண்டு இடம் வேணுமா?"

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. "பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ட விட்டுட்டீங்க."

"எத?"

"ராணிக்கு நீந்தத் தெரியாதாம். கடலுக்குப் பயமாம். அதாலதான் தனக்குப் பதிலா குதிரையக் கடலப் பார்க்க நிப்பாட்டினவாம்..."

சுஜாந்தியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அந்தக் கதை எந்த ஊரிலும் இல்லை. அது அவள் கட்டிவிட்ட கதை. தை மாதம் தொலைபேசியில் ஒரு பெண்ணிடம் சொன்னது. இடம் பதியத்தான் எடுத்தாள் நிரூபா என்ற அந்தப் பெண். அரை மணித்தியாலம் கேள்வி கேட்டாள். தண்ணி எவ்வளவு ஆழம், அக்கா? இருதய வருத்தக்காரர் இறங்கலாமா? டொக்டர் ஓம் எண்டிட்டார், ஆனா எனக்குப் பயமா இருக்கு... அந்தப் பயத்தைப் போக்கத்தான் சுஜாந்தி ராணியைப் பயந்தவளாக்கினாள். மறுமுனையில் எப்படியொரு சிரிப்பு! 'நான் பிடிச்சுக்கொள்றன், நீங்க வாங்க தங்கச்சி' என்று வாக்கும் கொடுத்திருந்தாள்.

"நீங்க... நிரூபாட..."

"அண்ணன். தனஞ்சயன். சிலாபம்."

"அவ ஏன் வரேல்ல?"

கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அவன் கடலைப் பார்த்தபடியே சொன்னான்.

"போன மாசம் இருபத்தாறாம் தேதி... நித்திரையிலேயே. நான் தனியவெண்டாலும் வரவேணும் எண்டு முதலே சத்தியம் வாங்கி வைச்சவ."

காற்று பலமாக அடித்தது. காலையில் ஜீப்பில் தான் சத்தமாகச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வர, சுஜாந்திக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பின்னேரம் கடல்குளத்தில் தாதிமார் ஆளையாள் தண்ணீரடித்து விளையாடினார்கள். பிரெஞ்சுக்காரர் மிதந்துகொண்டிருந்தார். தனஞ்சயன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பாறையில் இருந்தான். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"முதல்ல பெப்ரவரி எட்டாம் தேதிக்குத்தானே போட்டது?" என்றான் அவன்.

"ஓம். பிறகு அவதான் எடுத்து, அண்ணாக்கு வேலையாம், மார்ச்சுக்கு மாத்துங்க எண்டவ."

"கொழும்பில கட்டட வேலை எனக்கு. எட்டாம் தேதி ஸ்லாப் போடுற நாள். நான் இல்லாட்டியும் போட்டிருப்பாங்க..." பாறையை விரலால் சுரண்டினான். "அவ ஒண்டும் சொல்லேல்ல. கடல் எங்க ஓடப்போகுது எண்டு சிரிச்சவ."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"எல்லாரும் விதி எண்டினம். நீங்க அவவோட கதைச்சனீங்க. சொல்லுங்க... அண்டைக்கெண்டா அவ இதில இறங்கியிருப்பாளா?"

ஒரு பொய் போதும். கடல் அன்றைக்குக் குழப்பமாக இருந்தது, நாங்களே நிறுத்தியிருப்போம் என்றால் முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"இறங்கியிருப்பா," என்றாள். "பெப்ரவரில தண்ணி நல்ல தெளிவா இருந்தது. முழங்காலளவுதான். நான் பிடிச்சிருப்பன்."

அவன் முகம் சாம்பலாகிப்போனது. மெல்ல எழுந்தான்.

"கேட்டது என்ட பிழை."

"நில்லுங்க... நான்..."

நிற்கவில்லை. மணலில் விறுவிறுவென்று நடந்து, வீதியில் போன முச்சக்கரவண்டியை மறித்து ஏறிவிட்டான். திரும்பும்போது அந்த வரிசையில் இரண்டு இருக்கைகள் வெறுமையாக இருந்தன.

எத்தனை தடவை அவனுக்குத் தகவல் எழுதினாள்... எழுதி எழுதி அழித்தாள். கேட்டது அவர்தானே, நான் ஏன் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒரு வீம்பு. படுத்தால், முகமே தெரியாத ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம். அதற்குப் பின்னால் அந்த மங்கலான கண்கள்... நிரூபாவுக்காகத்தான் அழுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வைகாசியில் கடல் குழம்பிற்று. பயணங்கள் நின்றன. சுஜாந்தி முந்தலில் ஒரு இறால் பண்ணைக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஐப்பசி மழை. நாலரை மணிக்கு வேலை விட்டுக் குடையோடு வெளியே வந்தவள், கேற்றடியில் நனைந்துபோய் நின்ற ஆளைக் கண்டு அப்படியே நின்றாள். மெலிந்திருந்தான். தாடி வளர்த்திருந்தான்.

"தாஹிர் நானாதான் இடம் சொன்னவர்," என்றான் தனஞ்சயன்.

"ஏச வந்தீங்களா?"

"ஏழு மாசம் கழிச்சு ஆரும் ஏச வருவினமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடையைக் கொஞ்சம் அவன் பக்கம் சரித்தாள். மழை அவள் தோளில் விழுந்தது.

"அவ போய் ஒரு மாசம், சுஜாந்தி... எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்ல. அம்மா, மாமா, வேலையில நிக்கிறவங்க, எல்லாரும் உன்னில பிழையில்ல, பிழையில்ல எண்டினம். கேட்கக் கேட்க நெஞ்சு கல்லாப் போச்சு. நீங்க ஒராள்தான் உள்ளதச் சொன்னனீங்க. அண்டைக்குப் பாலாவிச் சந்தியில பஸ்ஸுக்கு நிண்டு அழுதன்... சனம் எல்லாம் பார்க்க."

"நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது..."

"அதத் திருப்பி எடுக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுறன்."

மழை வலுத்தது. கொழும்புப் பஸ் ஒன்று தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு போனது. இருவரும் விலகவில்லை.

"உங்களில கோபம் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் வரேல்ல. கோபமில்ல அது. வெக்கம். உங்களுக்கு முன்னால என்ட பிழையோட நிக்கிற வெக்கம்..." அவன் நிறுத்தினான். "எனக்கு உங்கள விருப்பம். சந்தோசமா வைச்சிருப்பன் எண்டு சொல்ல வரேல்ல. சில நாளைக்கு எழும்பவே ஏலாமக் கிடக்கும். ஆனா உங்களுக்குப் பக்கத்தில எண்டா அழலாம் போல இருக்கு."

சுஜாந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வேறொன்றுதான் வந்தது.

"நான் அவவக் கண்டதே இல்ல. படம் இருக்கா?"

அவன் தொலைபேசியை எடுத்து, சட்டை நுனியால் துடைத்து, நீட்டினான். சின்ன முகம். இரட்டைப் பின்னல். மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டைக் கடித்துவிட்டு, உறைப்பில் நாக்கை நீட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடி...

பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணீர் விழுந்து படம் நனைந்தது. விரலால் துடைத்தாள். மறுபடியும் நனைந்தது.

"எனக்கும் விருப்பம்," என்றாள், படத்திலிருந்து முகத்தை எடுக்காமலே. "அண்டைக்கு நீங்க போன நேரத்தில இருந்து... அவவுக்காக அழுறன் எண்டு நினைச்சு, உங்களுக்காகவும்தான் அழுதிருக்கிறன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின.

சுஜாந்தி குடையை மடக்கிவிட்டு, இரண்டு கைகளாலும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.