உயரமானியில் 1011

மாலை 5.40. தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னத்துரை தினேஸ்வரனின் பங்களாவில் அவனுடைய பறப்புப் பதிவேட்டைக் காணவில்லை.

மேகத்துக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டத் தனி உரிமம் வேண்டும். அதற்கான தேர்வு நாளைக் காலை ஈப்போ விமான நிலையத்தில். பறந்த மணிக்கணக்கெல்லாம் அந்தப் பதிவேட்டில்தான். அது இல்லாமல் போனால் தேர்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார். தேறினால் அடுத்த வாரம் மனைவி பூவிழியையும் இரண்டு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு லங்காவித் தீவுக்குப் பறப்பதாகத் திட்டம்.

ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அன்பரசிக்கு ஆள் போனது. தோட்டத்தில் எது தொலைந்தாலும் போலீசுக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

5.55. படிப்பறை மேசையில் பழைய விமானத்திலிருந்து கழற்றிய உயரமானி ஒன்று இருந்தது. முகப்பிலிருந்த சின்னக் கட்டத்தில் 1011.

"இது என்னா நம்பர் தொர?"

"காத்தழுத்தம்க்கா. பறக்குறதுக்கு முன்ன ஏர்போர்ட் டவர் சொல்ற நம்பருக்கு இந்தக் குமிழத் திருப்பி வைக்கணும். தப்பா வச்சா உயரமும் தப்பாக் காட்டும்."

"கடைசியா எப்ப திருப்புனீங்க?"

"நேத்து சாயங்காலம். 1008 வச்சேன்." கட்டத்தைப் பார்த்தவன் திகைத்தான். "இன்னைக்கு நான் தொடவே இல்லயே!"

6.05. சமையலறை. சமையல்கார மணியம்மா தலையைத் தூக்கவில்லை.

"இன்னைக்கு யாரு வந்தா?"

"பன்னெண்டரைக்கு ரூபினி. காலையில ஈப்போவுல பறந்துட்டு நேரா வந்துச்சாம். பூவிழி புள்ளையோட டவுனுக்குப் போயிருந்துச்சு, கொஞ்ச நேரம் காத்திருந்துட்டுப் போயிருச்சு. நாலு மணிக்கு பெரியவரு வந்தாரு."

"தூசி தட்டயில நீங்க அந்தக் குமிழத் திருப்புனீங்களா?"

"அதத் தொட்டா தொர கத்துவாருலா!"

பெரியவர் என்பது தினேஸ்வரனின் அண்ணன் லோகேஸ்வரன். கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். விமானம் ஓட்டப் பழகி, இரண்டு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். தம்பி பறப்பது அவருக்கு அறவே பிடிக்காது. திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ரூபினியோ கருவி உரிமம் வாங்கியவள். தினேஸ்வரன் பழகும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவள். தினேஸ்வரனுக்கு அண்ணன் மேல்தான் சந்தேகம்.

அன்பரசி ஒன்றே ஒன்று கேட்டாள். "இன்னைக்கு ஈப்போ அழுத்தத்த போன்ல பாருங்க தொர."

காலை ஒன்பதுக்கு 1011. மாலை நாலுக்கு 1007.

6.50. ரூபினியும் லோகேஸ்வரனும் வரவழைக்கப்பட்டார்கள். படிப்பறைக்குள் போகவே இல்லை என்று இருவருமே சாதித்தார்கள்.

"பதிவேட்ட எடுக்க வந்தவங்களுக்கு உயரமானி எதுக்கு?" என்றாள் அன்பரசி. "ஆனா கை சும்மா இருக்கல. பறக்குறவங்க கைப்பழக்கம் அது. அண்ணன் பறந்து ரெண்டு வருஷமாச்சு, அவரு வந்தப்ப அழுத்தம் 1007. காலையில டவர் சொன்ன 1011 மனசுல இருந்தது ஒரே ஆளுக்குத்தான்."

ரூபினி கைப்பையிலிருந்து பதிவேட்டை எடுத்து வைத்தாள்.

"போன வாரம் மேகத்துக்குள்ள பிளேன் இடப்பக்கம் சாஞ்சு எறங்குது. எல்லாக் கருவியும் அதத்தான் காட்டுது. இவன் மட்டும் நேராத்தான் போறோம், என் ஒடம்புக்குத் தெரியும்னு அடம் புடிக்கிறான். நான் கன்ட்ரோல புடுங்கலன்னா ரெண்டு பேரும் செத்திருப்போம். டெஸ்ட்டத் தள்ளிப்போடுன்னு மூணு தடவ சொல்லிட்டேன். அடுத்த வாரம் அந்தப் புள்ளய ஏத்திக்கிட்டு…"

வாசற்படியில் நின்றிருந்த பூவிழிக்கு இதெல்லாம் புதுச் செய்தி. இடுப்பிலிருந்த மகளை மேலே தூக்கி அணைத்துக்கொண்டாள்.

அன்பரசி பதிவேட்டைத் தினேஸ்வரன் பக்கம் நகர்த்தினாள். "தேடித் தர்றதோட என் வேல முடிஞ்சிருச்சு தொர."

அவன் அதைத் தொடவில்லை. போனை எடுத்துப் பயிற்சியாளரை அழைத்தான்.

"சார், நாளைக்கு டெஸ்ட் வேணாம். போன வாரம் நல்லாப் பறந்தேன்னு சொன்னது பொய் சார்."