காருக்குள் பத்து நகங்கள்!

“ஐயோ... மாதாவே!”

ஜென்சி போட்ட அலறலில் கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடியின் நிலவறைக் கார் தரிப்பிடமே ஒருமுறை அதிர்ந்தது.

ஞாயிறு காலைப் பூசைக்கு நேரமாகிவிட்டது. துறைமுகத்தில் வேலை செய்யும் கணவன் டினோஜன் மேலே சேர்ட்டை அயன் பண்ணி முடிப்பதற்குள் காரைச் சூடாக்கி வைக்கலாம் என்று இறங்கி வந்தவள் அவள். கோப்பி வைக்கும் குழிக்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. கையை விட்டாள்... எடுத்தாள்... பார்த்தாள்...

நகங்கள்!

இரத்தச் சிவப்பில், முழுசு முழுசாகப் பத்து நகங்கள்!

“கையில இருக்கறத அப்படியே வைங்க!”

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். ஜென்சிக்குப் பாதி உயிர் போய்விட்டது. திரும்பினாள். கறுப்புக் கோட்டு, குட்டை முடி, நீட்டிய அடையாள அட்டை.

“டிடெக்டிவ் கயல். போலீஸ். டினோஜன் உங்க வீட்டுக்காரர்தானே?”

“ஓம்... ஏன்?”

“றெபேக்கான்னு ஒரு பொண்ணத் தெரியுமா?”

தெரியாமல் என்ன! பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் பாடுகிற பெட்டை. அருமைநாதனின் ஒரே மகள்.

“நேத்து மத்தியானத்துலேர்ந்து ஆளைக் காணோம். போன் ஆஃப். அவங்க அப்பா ராத்திரி பூரா அழுதிருக்கார். கடைசியா அவ ஏறினது இந்தக் கார்லதான். முனையில பால், பிரெட் விக்கற தெப்பனேர் கடைக்காரர் கண்ணால பார்த்திருக்கார்!”

ஜென்சி கையிலிருந்த நகங்களைப் பார்த்தாள்.

“அப்ப இது... அந்தப் பிள்ளையின்ரை நகத்தை... பிடுங்கி...”

கயல் கையுறையோடு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகம் இளகியது.

“பயப்படாதீங்க. இது நகம் இல்ல. பாலிஷ்!”

“பொலிஷோ?”

“உரிக்கற பேஸ் கோட்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல அதைப் பூசணும், அது காஞ்சதும் மேல பாலிஷ். வேண்டாம்னா ஓரத்த நெம்பி இழுத்தா போதும், அப்படியே மொத்தமா கழண்டு வந்துடும். ரிமூவர் வேண்டாம், பஞ்சு வேண்டாம், நாத்தமும் இல்ல. லீவு நாள்ல நானே போடுவேன்.”

ஜென்சிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. கொலை இல்லை, சரி. ஆனால் எவளோ ஒருத்தி தன் புருசனின் காருக்குள் ஆற அமர இருந்து பத்து விரலையும் உரித்திருக்கிறாளே!

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. உடுப்புக் கூடையோடு மூன்றாம் மாடிப் பாலாம்பிகை!

“என்ன பிள்ளை... பொலிசோ?”

“இல்லையக்கா... தெரிஞ்ச ஆக்கள்!”

பாலாம்பிகையின் காதில் விழுந்தால் பின்னேரத்துக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும். தலையைக் குனிந்தபடியே கயலை மேலே கூட்டிப் போனாள்.

பொலிசைக் கண்டதும் டினோஜன் அயன் பெட்டியைச் சேர்ட்டின் மேலேயே வைத்துவிட்டான்.

“நேத்து எங்க போனீங்க?”

“ஆத்துக்கு அங்கால, லொங்குய்ய்க்கு... கூத்துப் பழக.”

“எங்கடை நாட்டுக்கூத்து, மிஸ்!” ஜென்சி முந்திக்கொண்டாள். “உயிர்த்த ஞாயிறுக்குப் போடுகினம். இவர்தான் ராசா!”

பழக்க தோஷம். ஒரு மாதமாக எல்லாருக்கும் சொல்லித் திரிந்த பெருமை இன்று வாயிலேயே கசந்தது.

“றெபேக்காவைக் கார்ல ஏத்தினீங்களா?”

டினோஜன் நிலத்தைப் பார்த்தான்.

“எங்க இறக்கினீங்க?”

கயல் பத்து நகப்பூச்சுகளையும் மேசையில் பரப்பினாள். “இதெல்லாம் யாரோடது?”

டினோஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சேர்ட்டில் புகை கிளம்பியது. யாரும் கவனிக்கவில்லை.

“வாயைத் திறந்து சொல்லுங்கோவன்! அந்த மனுசன் பிள்ளையைக் காணேல்லையெண்டு அழுதுகொண்டிருக்கு!”

“ஏலாது, ஜென்சி... சொன்னா மானம் போயிடும்.”

“சரி, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்,” என்றாள் கயல். “கோட்டை எடுத்துக்குங்க.”

பொலிஸ் காரில் ஏற்றினால்... அவ்வளவுதான்! இனி எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவது? கட்டியவன் கொலைகாரனா, கள்ளப்புருசனா? இரண்டில் ஒன்று தெரியாமல் அவனை அனுப்புவதில்லை என்று ஜென்சி தீர்மானித்தாள். மேசையிலிருந்த பெரிய பூச்சை வெடுக்கென்று எடுத்தாள்.

“எந்த எளியவளின்ரை நகமெண்டு ஒருக்காப் பாக்கிறன்!”

தன் பெருவிரலில் வைத்தாள். இரண்டு பக்கமும் வழிந்து நின்றது. கயலும் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் பெரிசு!

றெபேக்கா ஈர்க்குக்குச்சி. இதில் பாதி நகம்கூட அவளுக்கு இராது. இவ்வளவு அகல நகம் என்றால்... துறைமுகத்தில் கொள்கலன்களோடு மல்லுக்கட்டுகிற கைக்குத்தான் வரும்...

ஜென்சி மெல்லத் திரும்பினாள். கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள். பூச்சைப் பெருவிரலில் வைத்து அழுத்தினாள்.

அளவெடுத்தது போலப் பொருந்தியது!

“இஞ்சேருங்கோ... இது உங்கடையோ?”

டினோஜன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“நான் ராசா இல்லை, ஜென்சி... ராணி!”

“என்னது!”

“ராசாவுக்கு என்ரை குரல் காணாதெண்டு கூத்துப் பழக்கிற அண்ணாவியார் நீக்கிலாப்பிள்ளை சொல்லிப்போட்டார். நேற்று நோட்டீசுக்குப் படம் எடுத்தவை. சீலை, கொண்டை, நகப்பூச்சு எல்லாம் போட்டுவிட்டினம். திங்கக்கிழமை இந்த நகத்தோடை வேலைக்குப் போனா பொடியள் விடுவாங்களோ? அதுதான் உரிக்கிறதைப் பூசினது. காருக்கை இருந்து உரிச்சுப்போட்டு, எறிய மறந்துபோனன்.”

“ஊரிலை ஆம்பிளையள்தானே காலங்காலமா ராணி வேஷம் கட்டினவை! இதுக்கேன் வெக்கப்படுறியள்?”

“நீர்தானே கண்ட நிண்டவைக்கெல்லாம் ‘என்ரை மனுசன் ராசா’ எண்டு சொல்லிப்போட்டீர்!”

சுருக்கென்று தைத்தது. இந்த வெட்கத்தை அவன் தலையில் கட்டிவிட்டவளே அவள்தான்! அதுவும் போதாதென்று, சற்று முன் அவனைக் கொலைகாரன் என்றும் நம்பிவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது ஜென்சிக்கு.

கயல் விடவில்லை. “அதெல்லாம் இருக்கட்டும். றெபேக்கா எங்க?”

“அண்ணாவியார் வீட்டிலை. தேப்பன் அருமைநாதன் கூத்தாட விடமாட்டாரெண்டு ஒளிச்சு நிக்கிறாள். ஆருக்கும் சொல்லமாட்டனெண்டு சத்தியம் பண்ணிப்போட்டன். அந்த மனுசன் அழுகிறாரெண்டு கேட்டவுடனையாவது வாய் திறந்திருக்கவேணும். அவளைப் பற்றிச் சொன்னா என்ரை வேஷமும் வெளியிலை வந்திடும்... பயந்துபோனன், மிஸ்.”

“கூத்துல அவளுக்கு என்ன வேலை?”

“இண்டைக்கும் வேஷம் கட்டிப் பழகுறாள்... என்ன வேஷமெண்டு அவளே சொல்லட்டும், மிஸ்.”

“அண்ணாவியாருக்கு வீடியோ கால் போடுங்க. இப்பவே!”

கயல் அவன் போனை வாங்கிப் பிடித்தாள். மணி அடித்தது... அடித்தது...

திரையில் ஒரு முகம் தோன்றியது. முறுக்கு மீசை, தலையில் தங்கக் காகித முடி, தோளில் வாள்!

“ஆரடா அது... அரண்மனையில் எம்மை அழைப்பது?”

வெண்கலக் குரல் அறையை நிறைத்தது. கயல் தன்னிடமிருந்த றெபேக்காவின் புகைப்படத்தைப் பார்த்தாள்... திரையைப் பார்த்தாள்... மீசைக்கு மேலே அதே கண்கள்!

“நீ... றெபேக்காவா?”

மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

“ஓம், மிஸ்... அப்பா அழுதவரோ?” ராசாவின் குரல் உடைந்துபோனது.

“ராத்திரி பூரா! மொதல்ல அவருக்குப் போனைப் போடு!”

ஜென்சி தலைகுனிந்து நின்ற கணவனைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கயலின் கையிலிருந்த போனை எட்டி வாங்கினாள்.

“மகாராசா! உம்மடை ராணி இஞ்சை பொலிசிட்டை மாட்டுப்பட்டுப்போச்சு. படை, குதிரை ஒண்டும் வேண்டாம்... மஞ்சள் லைன் மெட்ரோவைப் பிடிச்சு வந்து மீட்டுக்கொண்டு போம்!”